திரண்ட வாக்குகளும் நியாயமான விருதும்: ஹியூகோ விருது நெருக்கடி தரும் பாடங்கள்

ஒரு விருதுக்கான வாக்கெடுப்பில் ஐவரில் ஒருவர் மட்டுமே ஒரு குழுவைச் சேர்ந்தவர். ஆயினும் இறுதிச் சுற்றின் எல்லா இடங்களையும் அக்குழுவே கைப்பற்றிவிடுகிறது. கள்ள வாக்கு இல்லை, விதிமீறலும் இல்லை. எண்ணிக்கையில் பிழையும் இல்லை. இது எவ்வாறு நிகழ்கிறது? இதைத் தடுக்க விதியை மாற்ற வேண்டுமா, வாக்காளரை மாற்ற வேண்டுமா? அறிவியல் புனைகதை உலகின் புகழ்பெற்ற ஹியூகோ விருது 2013 முதல் 2017 வரை இக்கேள்விகளை நேரடியாக எதிர்கொண்டது. பெரும்பான்மை, சிறுபான்மை, பிரதிநிதித்துவம் ஆகியவற்றைத் தம் அரசியலின் மையத்தில் வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டிய அனுபவம் அது.

விருதின் அமைப்பு

அமேசிங் ஸ்டோரீஸ் என்னும் இதழை 1926இல் தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கின் பெயரால் இவ்விருது அழைக்கப்படுகிறது. 1953இல் பிலடெல்பியாவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் முதன்முதலாக வழங்கப்பட்டது. இதற்கு நடுவர் குழு கிடையாது. மாநாட்டின் உறுப்பினர்களே வாக்காளர்கள். மாநாட்டிற்கு நேரில் செல்ல இயலாதவர்களும் உறுப்பினர்களாகச் சேர்ந்து வாக்களிக்கலாம். 2015இல் அதற்கான கட்டணம் 40 டாலர்.

தேர்வு இரண்டு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டம் முன்மொழிவு. ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் ஐந்து படைப்புகள் வரை முன்மொழியலாம். பழைய விதியின்படி, அதிகமானோர் முன்மொழிந்த ஐந்து படைப்புகள் இறுதிச் சுற்றுக்குச் செல்லும். இரண்டாம் கட்டத்தில் அந்த ஐந்தையும் வாக்காளர்கள் விருப்ப வரிசைப்படி எண்ணிட வேண்டும். நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்காளர்கள் 1, 2, 3 என்று விருப்பத்தைக் குறிப்பதைப் போன்றது இது. குறைந்த வாக்கு பெற்ற படைப்பு நீக்கப்பட்டு, அதன் வாக்குகள் அடுத்த விருப்பத்திற்குச் செல்லும்.

இறுதிச் சுற்றின் வாக்குச்சீட்டில் மற்றொரு வாய்ப்பும் உண்டு: ‘விருது இல்லை’. இந்தியத் தேர்தலின் நோட்டாவை இது நினைவூட்டும். ஆனால் நோட்டா முதலிடம் பெற்றாலும் அடுத்த நிலையில் உள்ள வேட்பாளரே வென்றவராவார். ஹியூகோவில் ‘விருது இல்லை’ வென்றால் அப்பிரிவில் அவ்வாண்டு உண்மையிலேயே எவருக்கும் விருது கிடையாது.

நெருக்கடி உருவான விதம்

2013இல் நாவலாசிரியர் லாரி கொரெயா தம் வாசகர்களைத் திரட்டி ஒரு பிரச்சாரத்தைத் தொடங்கினார். ‘சேட் பப்பீஸ்’, அதாவது சோக நாய்க்குட்டிகள் என்பது அதற்கு வைக்கப்பட்ட பெயர். விருது ஒரு சிறு வட்டத்தின் கைக்குள் இருக்கிறது. வாசகர் விரும்பும் சாகசக் கதைகள் ஒதுக்கப்படுகின்றன. கதையின் தரத்தைவிட அரசியல் கருத்தும் எழுத்தாளரின் அடையாளமுமே பரிசு பெறுகின்றன என்பன அவர்களின் குற்றச்சாட்டுகள். 2015இல் இப்பிரச்சாரத்தைப் பிராட் டோர்கெர்சன் வழிநடத்தினார்.

அதே ஆண்டில் அதைவிடக் கடுமையான இன்னோர் அணியும் தோன்றியது. வாக்ஸ் டே என்ற பெயரில் எழுதும் தியோடர் பீல் ‘ரேபிட் பப்பீஸ்’ என்ற பெயரில் தனிப் பட்டியலை வெளியிட்டார். கறுப்பினப் பெண் எழுத்தாளர் என்.கே. ஜெமிசினைப் பற்றி இனவெறி நிறைந்த கட்டுரை எழுதியதைத் தொடர்ந்து, 2013 ஆகஸ்டில் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர் இவர். தாம் பொறுப்பாசிரியராக இருந்த பதிப்பகத்தின் நூல்களையும், பதிப்பாசிரியருக்கான இரு பிரிவுகளில் தம் பெயரையும் இவர் பட்டியலில் சேர்த்திருந்தார்.

இவ்விரு பட்டியல்களும் பெருமளவு ஒன்றோடொன்று ஒத்திருந்தன. 2015இல் பதிவான முன்மொழிவு வாக்குச்சீட்டுகள் 2,122. குறுநாவல், சிறுகதை, துறைசார் நூல், பதிப்பாசிரியருக்கான இரு பிரிவுகள் ஆகிய ஐந்து பிரிவுகளில் இறுதிச் சுற்று முழுவதும் இப்பட்டியல்களுக்கே போனது. குறுநாவல் பிரிவின் ஐந்து இடங்களில் மூன்றை ஒரே எழுத்தாளரான ஜான் சி. ரைட்டின் படைப்புகள் பெற்றன.

சிறு அணி முழுவதையும் வெல்லும் கணக்கு

ஓர் எளிய கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். வாக்காளர் 1,000 பேர். அவர்களில் 200 பேர் ஒரே பட்டியலில் உள்ள ஐந்து படைப்புகளை மட்டும் முன்மொழிகிறார்கள். மீதமுள்ள 800 பேர் தாங்கள் படித்தவற்றிலிருந்து தத்தம் விருப்பப்படி முன்மொழிகிறார்கள். ஓராண்டில் நூற்றுக்கணக்கான கதைகள் வெளியாவதால் அவர்களின் தேர்வுகள் சிதறுகின்றன. அவற்றில் மிகப் பரவலாக விரும்பப்பட்ட கதை 120 சீட்டுகளில் இடம்பெறுகிறது என்று கொள்வோம். பட்டியலின் ஐந்து படைப்புகளுக்கும் தலா 200. ஐந்து இடங்களும் பட்டியலுக்கே. 20 விழுக்காட்டினர் 100 விழுக்காட்டு இடங்களைப் பெற்றுவிடுகின்றனர். 80 விழுக்காட்டினருக்கு ஓரிடமும் இல்லை.

இங்கே எவரும் ஏமாற்றவில்லை. தனித்தனியே படித்துத் தனித்தனியே முடிவெடுப்பவர்களைப் பழைய விதி தண்டித்தது. பேசி வைத்து வாக்களித்தவர்களுக்கு அளவுக்கு மீறிய பயனைத் தந்தது. பல்லாண்டுகள் அந்த ஓட்டை வெளித்தெரியாமல் இருந்ததற்குக் காரணம், எவரும் அதைப் பெரிய அளவில் பயன்படுத்தாதிருந்த நாகரிகமே. நாகரிகத்தை மட்டும் நம்பியிருக்கும் நடைமுறை, அதை மதிக்காத முதல் அணி வந்ததுமே சரிந்துவிடுகிறது.

‘விருது இல்லை’ என்னும் தீர்ப்பு

2015 ஆகஸ்டில் ஸ்போகேன் நகரில் நடந்த மாநாட்டில் இறுதி வாக்கு 5,950. அதுவரை பதிவானவற்றில் அதுவே மிக அதிகம். பட்டியல்கள் முழுவதையும் கைப்பற்றியிருந்த ஐந்து பிரிவுகளிலும் ‘விருது இல்லை’ வென்றது. அதற்கு முந்தைய ஹியூகோ வரலாறு முழுவதிலும் ‘விருது இல்லை’ வென்றது ஐந்தே முறை. ஓரிரவில் அந்த எண்ணிக்கை இரட்டிப்பாயிற்று.

நாவல் பிரிவில் சீன எழுத்தாளர் லியூ ட்சிஷின் எழுதி, கென் லியூ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ‘மூவுடல் சிக்கல்’ வென்றது. அப்பிரிவில் விருது பெற்ற முதல் மொழிபெயர்ப்பு நாவல் அது. அது இறுதிச் சுற்றுக்குள் வந்ததே வேறொருவரின் நேர்மையால்தான். பட்டியல் வழியே இடம்பெற்றிருந்த மார்கோ குளூஸ் தம் நாவலைத் தாமாகவே விலக்கிக்கொண்டார். காலியான அவ்விடம் லியூவுக்குக் கிடைத்தது. ஆனி பெல்லெட்டும் தம் சிறுகதையை இதேபோல் விலக்கிக்கொண்டார்.

வாக்காளர்களிடையே அப்போது ஒரு விவாதம் எழுந்தது. பட்டியலில் வந்த எதையும் படிக்காமலே ‘விருது இல்லை’ என்பதற்குக் கீழே வைப்பது முறையா? தடுப்பூசி போல அதுவே தேவை என்றனர் சிலர். அப்படிச் செய்தால், தம் சம்மதமின்றிப் பட்டியலில் சேர்க்கப்பட்ட எழுத்தாளரும் தண்டிக்கப்படுவார் என்றனர் வேறு சிலர். ஒட்டுமொத்தமாக மறுப்பதை ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் ஏற்கவில்லை. இறுதிச் சுற்றிலிருந்து தள்ளப்பட்ட சிலருக்குப் பின்னர் தம் சொந்தப் பொறுப்பில் அவர் பரிசுகள் வழங்கினார். வாக்காளர்களும் முற்றிலும் இயந்திரத்தனமாக நடந்துகொள்ளவில்லை. இரு பட்டியல்களிலும் இருந்த ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ திரைப்படம் தன் பிரிவில் வென்றது.

ஆனால் ‘விருது இல்லை’ ஒரு மருந்தாகாது. முதற்கட்டத்திலேயே இடம் இழந்த நல்ல கதைகளை அது மீட்டுத் தராது. கொள்ளையர் கையில் விழுந்ததை எவருக்கும் கிடைக்காதபடி எரித்துவிடும் செயல் அது. நோய் முன்மொழிவு விதியில் இருந்ததால் மருந்தும் அங்கேயே தேவைப்பட்டது.

விதித் திருத்தம்

ஹியூகோவின் விதியைத் திருத்த, அடுத்தடுத்த இரண்டு மாநாடுகளின் ஒப்புதல் வேண்டும். ஓராண்டுக் கோபத்தில் விதிகள் மாறிவிடாதிருக்க வைக்கப்பட்ட தடை அது. 2015இல் நிறைவேறி 2016இல் உறுதிசெய்யப்பட்ட ‘ஈ புளூரிபஸ் ஹியூகோ’ என்னும் முறை 2017இல் நடைமுறைக்கு வந்தது.

அதன் அடிப்படை எளியது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு புள்ளி. ஐந்து படைப்புகளை எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு. மிகக் குறைந்த புள்ளி பெற்ற இரண்டு படைப்புகளை ஒப்பிட்டு, அவற்றில் குறைவான சீட்டுகளில் இடம்பெற்ற படைப்பை நீக்க வேண்டும். நீக்கப்பட்ட படைப்பின் பங்கு, அதே சீட்டில் எஞ்சியிருக்கும் படைப்புகளுக்குச் சமமாகப் பிரியும். தேவையான எண்ணிக்கை எஞ்சும்வரை இது தொடரும்.

முன்சொன்ன கணக்கில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். பட்டியல் அணியின் 200 புள்ளிகள் ஐந்து படைப்புகளுக்குத் தலா 40 ஆகப் பிரிகின்றன. தனி வாசகர்களின் சீட்டுகளில் செல்வாக்கற்ற படைப்புகள் ஒவ்வொன்றாக நீங்க, பரவலாக விரும்பப்பட்ட கதைகளின் மேல் அவர்களின் புள்ளிகள் குவிகின்றன. பட்டியலின் படைப்புகளோ ஒன்றோடொன்று போட்டியிட்டு விழுகின்றன. ஒன்று விழுந்தால் மற்ற நான்கும் தலா 50 பெறும். இன்னொன்றும் விழுந்தால் மூன்றும் தலா 66-க்கு மேல். முடிவில் அந்த அணிக்கு ஓரிடமோ ஈரிடமோ கிடைக்கும். அதன் பலத்திற்கு ஏறக்குறைய உரிய பங்கு அது.

இத்துடன் இறுதிச் சுற்றின் இடங்கள் ஐந்திலிருந்து ஆறாயின. ஒருவர் முன்மொழியத்தக்கவை ஐந்தாகவே நீடித்தன. ஒரே எழுத்தாளரின் படைப்புகள் ஒரு பிரிவில் இரண்டுக்கு மேல் வரக்கூடாது என்றும் விதிக்கப்பட்டது.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. கணக்கு சிக்கலானது, கையால் சரிபார்ப்பது கடினம், போதிய பலமுள்ள அணி ஒன்றிரண்டு இடங்களைப் பெறத்தான் செய்யும். ஆனால் எல்லா இடங்களையும் வாரிக்கொள்ளும் வாய்ப்பு பறிபோயிற்று. பட்டியல் அரசியல் ஓரிரு ஆண்டுகளில் வலுவிழந்தது. 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நாவலுக்கான விருதை வென்றவர், இனவெறித் தாக்குதலுக்கு ஆளான அதே ஜெமிசின். அப்பிரிவில் வென்ற முதல் கறுப்பின எழுத்தாளரும், தொடர்ந்து மூன்று முறை வென்ற முதல் எழுத்தாளரும் அவரே. முதலில் வென்ற ‘ஐந்தாம் பருவம்’ நாவலில், பயன்பாட்டைக் கொண்டு மனிதர்களைப் பிரித்துவைக்கும் சமூகம் சித்திரிக்கப்படுகிறது. அப்பிரிவுகளைக் குறிக்க அவர் ஆளும் சொல்லில் ‘சாதி’ என்பதன் ஆங்கிலச் சொல் அப்படியே இடம்பெறுகிறது.

1932இன் நினைவு

முன்மொழிவு ஒருவரிடம், இறுதி முடிவு வேறொருவரிடம் என்னும் இரண்டுகட்ட முறை நமக்குப் புதியதன்று. 1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் தனித்தொகுதிகளுக்கு இத்தகைய முறையையே வகுத்தது. ஒரு தொகுதியின் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் முதலில் தங்களுக்குள் வாக்களித்து நான்கு வேட்பாளர்களைத் தேர்ந்தெடுப்பர். அந்நால்வரிலிருந்து ஒருவரைப் பொது வாக்காளர் அனைவரும் தேர்ந்தெடுப்பர்.

முதற்கட்டத்தில் ஒருவருக்கு ஒரே வாக்கு என்று ஒப்பந்தம் கூறியது. இடங்கள் நான்கு, வாக்கு ஒன்று. எனவே ஒரு பெரிய அணி எளிதில் நான்கையும் வாரிக்கொள்ள முடியாது. ஈ புளூரிபஸ் ஹியூகோவின் ‘ஒரு சீட்டுக்கு ஒரு புள்ளி’ என்பதும் இதே தருக்கத்தைச் சேர்ந்தது.

ஆனால் ஒப்பந்தத்தின் ஓட்டை இரண்டாம் கட்டத்தில் இருந்தது. ஒடுக்கப்பட்டோர் வாக்கில் நான்காவதாக வந்தவரும் சாதி இந்துக்களின் பெரும்பான்மை வாக்கால் முதலிடம் பெற்றுவிடலாம். அண்ணல் அம்பேத்கர் இம்முறையைப் பின்னாளில் கடுமையாக விமர்சித்ததற்கும், 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தில் தனி வாக்காளர் தொகுதியை மீண்டும் கோரியதற்கும் இந்த அனுபவமே பின்னணி. இலக்கிய விருதும் மக்களின் அரசியல் உரிமையும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஆயினும் இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்தக் கட்டத்தில், எந்தக் கூட்டம், தன் பங்கைவிட அதிகமாக எடுத்துக்கொள்ள முடிகிறது?

திரள்வது குற்றமா?

ஹியூகோ நிகழ்வைப் படிக்கும் செயற்பாட்டாளருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. திரள்வதே ஒடுக்கப்பட்டோரின் ஆயுதம். அணியாக வாக்களிப்பதைத் தீமை என்று கூறினால், அது நமக்கு எதிராகவே திரும்பாதா?

திரும்பும். ஆதிக்கம் செய்வோர் ஒரே குரலில் பேசும்போது அது ‘இலக்கிய ரசனை’ எனப்படுகிறது. விளிம்பில் இருப்போர் ஒரே குரலில் பேசினால் அது ‘குழு அரசியல்’ எனப்படுகிறது. சேட் பப்பீஸும் தம்மை ஒதுக்கப்பட்டோராகவே முன்னிறுத்தினர். ஆகவே, எவர் தம்மைப் பாதிக்கப்பட்டவர் என்கிறார் என்பதைக் கொண்டு முடிவெடுக்க இயலாது. எவருடைய நோக்கம் தூயது என்று ஆராயும் அதிகாரத்தை விருது நிர்வாகத்திடம் ஒப்படைப்பதும் ஆபத்து. அந்த அதிகாரம் நாளை எவர் கையில் இருக்கும் என்பதை நாம் அறியோம்.

ஈ புளூரிபஸ் ஹியூகோவின் சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. அது எந்த அணியையும் தடைசெய்யவில்லை. எவருடைய சீட்டையும் கிழிக்கவில்லை. பப்பீஸ் அணிக்கும் அதன் பங்கை அளித்தது. மற்றவர் பங்கைப் பறிக்கும் வழியை மட்டும் அடைத்தது. தலித் வாசகர்கள் திரண்டு ஒரு தலித் நாவலை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுவந்தாலும் இவ்விதி அவர்களைத் தண்டிக்காது. ஒரு நூலின் பின்னால் உண்மையான வாசகர்கள் இருந்தால் அது மேலே வரும். திரள்வதற்கு இடம் தந்து, முற்றாகக் கைப்பற்றுவதற்கு இடம் தராத விதியே நியாயமான விதி.

விதி மட்டும் போதுமா?

போதாது என்பதை அடுத்துவந்த இரண்டு நிகழ்வுகள் உணர்த்தின. 2023இல் சீனாவின் செங்டு நகரில் வழங்கப்பட்ட விருதின் புள்ளிவிவரங்கள் 2024 ஜனவரியில் வெளியாயின. ஆர்.எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவல் உட்படச் சில, போதிய முன்மொழிவுகள் பெற்றிருந்தும், தகுதியற்றவை என்று காரணம் கூறாமல் ஒதுக்கப்பட்டிருந்தன. சீன அரசியல் தொடர்பாக எழுத்தாளர்களைப் பற்றிய குறிப்புகளை நிர்வாகிகள் சிலர் திரட்டியிருந்ததைக் கசிந்த மின்னஞ்சல்கள் காட்டின. வாசகர் அணி செய்ய முடியாததை நிர்வாகம் ஒரு பேனா வீச்சில் செய்துவிட்டது.

2024இல் கிளாஸ்கோ மாநாட்டின் நிர்வாகம் வேறு வழியில் நடந்தது. இறுதி வாக்குகள் 3,813இல் 377, ஒரே படைப்புக்கு ஆதரவாகப் போலி உறுப்பினர் பெயர்களில் இடப்பட்டவை என்று கண்டறிந்தது. அவற்றைச் செல்லாதவை ஆக்கி, முடிவு வெளியாகுமுன்பே எண்ணிக்கையையும் காரணத்தையும் அறிவித்தது. அப்படைப்பின் ஆசிரியருக்கு இதில் தொடர்பிருப்பதற்கான சான்று இல்லாததால் பெயரை வெளியிடவில்லை. போட்டியிலிருந்து நீக்கவும் இல்லை. செங்டுவில் காரணம் மறைக்கப்பட்டது, கிளாஸ்கோவில் காரணம் சொல்லப்பட்டது. இரண்டு நிர்வாகங்களுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

வாக்காளரும் அமைப்பாளரும் கைக்கொள்ளத்தக்கவை

வாசகர் வாக்கால் விருது வழங்க முனையும் கல்லூரி மன்றங்களும் இலக்கிய அமைப்புகளும் இந்த அனுபவத்திலிருந்து சில நெறிகளைப் பெறலாம்.

ஒன்று, படித்ததை மட்டும் முன்மொழிக. எத்தனை இடங்கள் இருந்தாலும், படித்து மெச்சியவை இரண்டே எனில் இரண்டுடன் நிறுத்துக.

இரண்டு, பரிந்துரைக்கும் ஆணைக்கும் இடையிலான எல்லையை உணர்க. இடங்களைவிட அதிகமான நூல்களைச் சொல்லி, ‘படித்துத் தேர்ந்தெடுங்கள்’ என்பது பரிந்துரை. இடங்களின் எண்ணிக்கைக்குச் சரியாகப் பெயர்களைத் தந்து, ‘இப்படியே நிரப்புங்கள்’ என்பது ஆணை.

மூன்று, பட்டியலில் சேர்க்குமுன் எழுத்தாளரின் சம்மதத்தைப் பெறுக. கேளாமல் சேர்க்கப்பட்டவரை அப்பட்டியலின் அரசியலுக்குப் பொறுப்பாக்காதிருக்க.

நான்கு, அமைப்பாளர்கள் நிரப்பத்தக்க இடங்களைவிட இறுதிச் சுற்றின் இடங்களைக் கூட்டி வைக்கலாம். ஒரு சீட்டின் மொத்த எடையை ஒன்றாக வரையறுக்கலாம். ‘விருது இல்லை’ என்னும் வாய்ப்பையும் அளிக்கலாம்.

ஐந்து, விழா முடிந்தபின் முழு எண்ணிக்கையையும் வெளியிடுக. நீக்கப்பட்ட படைப்பு எதுவாயினும் காரணத்தை எழுத்தில் தருக. விதியை ஒரே கூட்டத்தில் மாற்றாதிருக்க.

ஆறு, வாக்காளர் யார் என்பதைக் கேட்க மறவாதிருக்க. 40 டாலர் செலுத்த இயன்றவரே வாக்காளர் எனில், எண்ணும் முறை எவ்வளவு செம்மையாக இருந்தாலும் அது இயன்றவரின் விருதே.

நடுவர் குழு வழங்கும் விருதுகளுக்கும் இவை பொருந்தும். சாகித்திய அகாதமி விருதில் இறுதி முடிவெடுப்பது மூவர் கொண்ட நடுவர் குழு. மூவரில் இருவர் ஒத்தால் அதுவே பெரும்பான்மை. நூற்றுக்கணக்கான வாசகரை அணிதிரட்டி ஸ்போகேனில் சிலர் செய்ததைச் செய்ய அங்கே இருவர் போதும். அத்தகைய விருதுகளில் நடுவர் எவ்வாறு நியமிக்கப்படுகின்றனர், முதற்கட்டப் பட்டியலை உருவாக்குவோர் யார், அந்த அறைக்குள் எந்தச் சமூகங்கள் இடம்பெறுகின்றன என்பன விருது அறிவிக்கப்பட்ட பின் கேட்கும் கேள்விகளாக இருக்கக்கூடாது. முதற்கட்டத்திலேயே கேட்கப்பட வேண்டியவை அவை. அந்தக் கட்டத்தில் இழந்ததை இறுதிச் சுற்றில் மீட்க வழியில்லை.